கருந்துளையும் பல்லி விஷமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, அறிவியல் ஆராய்ச்சி தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு வாரத்து அறிவியல் செய்திகளைச் சேர்த்துப் படித்தால் கருந்துளை மோதல், புதுப் புரதம், பிரமிடுக்குள் மறைந்திருந்த வெற்றிடம், எறும்புகளின் நடமாட்டம் என்று ஒன்றுக்கொன்று துளியும் ஒட்டாத விஷயங்களாக இருக்கின்றன. உள்ளுக்குள் உண்மையிலேயே ஏதாவது தொடர்பு உண்டா, இல்லை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருக்கிறோமா?

தொடர்பு உண்டு. "எல்லாம் ஒன்றே" என்று தத்துவமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் எனக்கு அதில் திருப்தி இல்லை, ஏனென்றால் கருந்துளையைப் பற்றி எத்தனை ஆண்டு படித்தாலும் எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது தெரியவராது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாறுவது பெரும்பாலும் கருவிகள், அளக்கும் முறைகள், கணக்குப் போடும் வழிகள். முடிவுகள் அவரவர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன, கருவிகள்தான் ஊர் சுற்றுகின்றன.

நீங்கள் சொன்ன பிரமிடையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேல் பகுதியில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் உண்டாகி, மழை மாதிரி எந்நேரமும் நம் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. இவை பாறையையும் ஊடுருவும். வழியில் கல் அதிகமாக இருந்தால் குறைவான மியூவான்கள் வெளியே வரும், வெற்றிடம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். 1960களில் லூயிஸ் ஆல்வாரெஸ் என்ற துகள் இயற்பியலாளர் இதை வைத்து எகிப்தில் காப்ரே பிரமிடை ஆராய்ந்தார், அவர் பார்த்த பகுதியில் மறைவான அறை எதுவும் இல்லை என்று தெரிந்தது. அதே யோசனையோடு, மிக நல்ல உணர்கருவிகளை வைத்து 2017இல் குஃபுவின் பெரிய பிரமிடில் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்தார்கள். இதே முறையில் எரிமலையின் உள்ளே பார்க்கிறார்கள், விபத்துக்குப் பிறகு ஃபுகுஷிமா அணு உலைக்குள்ளும் பார்த்தார்கள். பிரமிடுக்கும் அணு உலைக்கும் பொருளளவில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆள் உள்ளே போக முடியாத கனமான பொருள்கள் என்பது மட்டும்தான் பொது.

எக்ஸ்ரே படிகவியலின் பயணம் இதைவிட நீளமானது. 1912இல் மாக்ஸ் ஃபான் லாவே, படிகத்தின் வழியாக எக்ஸ்ரே போனால் புள்ளி புள்ளியாக ஒரு கோலம் விழும் என்று காட்டினார். அந்தக் கோலத்திலிருந்து அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கணக்கிடும் வழியை பிராக் என்ற தந்தையும் மகனும் வகுத்தார்கள். முதலில் பார்த்தது சாதாரண உப்பு மாதிரி எளிய படிகங்களை. பிறகு அதே முறை பெனிசிலினுக்குப் போனது, வைட்டமின் பி12க்குப் போனது, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கையில் டிஎன்ஏவுக்குப் போனது. டோரத்தி ஹாட்ஜ்கின் 1930களில் இன்சுலின் படிகத்தைப் படமெடுக்க ஆரம்பித்து 1969இல்தான் அதன் முழு அமைப்பை வெளியிட்டார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மூலக்கூறோடு இருந்த அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கும். 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் வயிற்றில் இருந்ததும் இதே முறையில் வேலை செய்யும் ஒரு சிறு கருவி. அங்குள்ள மண்ணில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று அது சொன்னது.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காற்றின் அலைச்சலால் நட்சத்திரப் படங்கள் கலங்கிப்போவதைச் சரிசெய்ய, விநாடிக்குப் பல நூறு தடவை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் கண்ணாடிகளை வானியலில் பயன்படுத்துகிறார்கள். அந்த நுட்பத்தை 1990களில் கண்ணுக்குத் திருப்பினார்கள். நம் கண்ணின் லென்ஸும் கருவிழியும் ஒளியைக் கொஞ்சம் கலக்கத்தான் செய்கின்றன, அதைச் சரிசெய்ததும் உயிருள்ள மனிதரின் விழித்திரையில் இருக்கும் தனித்தனி செல்களைப் படமெடுக்க முடிந்தது.

கேள்வி: முன்பெல்லாம் ஒருவரே எல்லாத் துறையிலும் வல்லுநராக இருந்தார்களாமே? இன்று ஏன் முடியவில்லை?

அப்போதும் எல்லாரும் அப்படி இல்லை, ஆனால் அபூர்வமாகச் சிலர் இருந்தார்கள். 1773இல் பிறந்த தாமஸ் யங் தொழிலால் மருத்துவர். ஒளி அலையாகப் பரவுகிறது என்பதற்கு வலுவான சோதனை செய்தவர், கண் எப்படித் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் குவியத்தை மாற்றுகிறது என்று விளக்கியவர், பொருள்களின் விறைப்பைச் சொல்லும் எண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான், போதாததற்கு ரொசெட்டா கல்லில் இருந்த எகிப்திய எழுத்துகளைப் படிப்பதிலும் முக்கியமான அடிகளை எடுத்துவைத்தார்.

இன்று அவரே திரும்பி வந்தாலும் திணறுவார். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளின் விவரங்களைத் தொகுக்கும் பப்மெட் தளத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. இயற்பியல், கணிதம், கணினியியல் கட்டுரைகளுக்காக 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு தனி மனிதர் தன் சின்னஞ்சிறு கிளையில் வருவதைப் படித்து முடிப்பதே பெரிய காரியம்.

அதைவிடச் சுவாரசியம், ஒரே ஆராய்ச்சிக்குள்ளேயே இத்தனை துறைகள் அடங்கிவிட்டன என்பது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். மொத்தம் 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்! அதே 2015 செப்டம்பரில் விண்வெளியையே லேசாக நெளியவைக்கும் ஈர்ப்பு அலையை முதன்முதலில் பிடித்த லிகோ என்ற கருவியை எடுத்துக்கொண்டால், 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகளில் புரோட்டான் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய மாற்றத்தை அளக்க வேண்டும். அதற்கு ஐன்ஸ்டைனின் கோட்பாடு தெரிந்த ஆள் மட்டும் போதாது. லேசர் தெரிந்தவர், வெற்றிடக் குழாய் தெரிந்தவர், கண்ணாடிப் பூச்சு தெரிந்தவர், தரை அதிர்வைப் புரிந்தவர், இரைச்சலுக்குள்ளிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும் கணக்குத் தெரிந்தவர் என்று எல்லாரும் வேண்டும். இவர்களில் யாருக்கும் முழு இயந்திரமும் கடைசி ஆணி வரை தெரியாது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: இப்படி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பதால் நஷ்டம் இல்லையா? பக்கத்துத் துறையில் விடை இருந்தும் தெரியாமல் போவது உண்டா?

நிறைய உண்டு. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மேலே சொன்ன அதே லூயிஸ் ஆல்வாரெஸின் மகன் வால்ட்டர் ஒரு புவியியலாளர். இத்தாலியில் குபியோ என்ற ஊருக்குப் பக்கத்தில், டைனோசர்கள் அழிந்த காலத்தைச் சேர்ந்த ஒரு மெல்லிய களிமண் அடுக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த அடுக்கு படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பது அவர் கேள்வி. அப்பாவோ விண்ணிலிருந்து விழும் தூசியில் இரிடியம் என்ற உலோகம் கொஞ்சம் இருக்கும், அதை அளந்தால் காலத்தைக் கணக்கிடலாம் என்றார். அணுக்கரு வேதியியலாளர்களான ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இரிடியம் இருந்தது. பெரிய விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று நால்வரும் 1980இல் எழுதினார்கள். இயற்பியல், புவியியல், வேதியியல் மூன்றும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் அந்தக் கட்டுரை வந்திருக்காது.

சரி, மோதியது என்றால் பள்ளம் எங்கே? உலகம் முழுக்கத் தேடினார்கள். ஆனால் மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த கிளென் பென்ஃபீல்ட், அன்டோனியோ கமார்கோ என்ற இரு புவி இயற்பியலாளர்கள் பூமிக்கடியில் பிரமாண்டமான ஒரு வட்டத்தைப் பார்த்திருந்தார்கள். 1981இல் ஒரு மாநாட்டில் அதைச் சொல்லவும் செய்தார்கள், ஆனால் அது எண்ணெய் தேடுபவர்களின் மாநாடு. பள்ளத்தைத் தேடியவர்கள் வேறோர் இடத்தில் கூடியிருந்தார்கள். விடை வெளியாகி, பத்து ஆண்டு பெரும்பாலோர் கண்ணில் படாமல் கிடந்தது. 1991இல்தான் சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்ஸுலுப் பள்ளம் அதுதான் என்று கட்டுரை வந்தது. இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, எண்ணெய்க்காரர் எதற்கு டைனோசர் கட்டுரை படிக்கப் போகிறார்?

இந்த இடைவெளியையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் டான் ஸ்வான்சன். அவர் மருத்துவர் இல்லை, நூலகமும் தகவலும் சார்ந்த துறையில் இருந்தவர். குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்துப்போகும் ரேனாட் என்ற பிரச்சினை பற்றிய கட்டுரைகள் ஒரு பக்கம் இருந்தன. அந்த நோயாளிகளுக்கு ரத்தம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்றன. மீன் எண்ணெய் பற்றிய கட்டுரைகள் இன்னொரு பக்கம். அது ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்றன. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்து, மீன் எண்ணெய் உதவக்கூடும் என்று 1986இல் ஸ்வான்சன் எழுதினார், பிறகு செய்த ஒரு மருத்துவச் சோதனையும் அந்தத் திசையில்தான் பேசியது. இதே மாதிரி ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள தொடர்பையும் படித்தே கண்டுபிடித்தார். ஆய்வகமே வேண்டாம், கட்டுரைகளைக் குறுக்காகப் படிக்க ஒரு ஆள் போதும் என்று அவர் காட்டியது, இன்று கணினியை வைத்துப் பெரிய அளவில் நடக்கிறது.

கேள்வி: பல்லி விஷம், வெந்நீர் ஊற்றுக் கிருமி, உப்பளத்து நுண்ணுயிர் என்று எதை எதையோ ஆராய மக்கள் பணத்தைச் செலவழிக்கிறார்கள். முதலில் நோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கக் கூடாதா?

கோபம் புரிகிறது, ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மூன்றுமே மருத்துவத்தில்தான் போய் முடிந்தன. ஹீலா என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் கண்டுபிடித்த ஒரு பொருள், நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே வேலை செய்தது. நம்முடையது சில நிமிடங்களில் சிதைந்துவிடும், பல்லியினுடையது நீண்ட நேரம் தாக்குப்பிடித்தது. அதிலிருந்து வந்த எக்ஸனடைட் என்ற நீரிழிவு மருந்துக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அந்த வகை மருந்துகளில் அதுதான் முதலாவது.

வெந்நீர் ஊற்று விஷயமும் அப்படித்தான். 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் கொதிக்கும் ஊற்றுகளில் உயிர் இருக்கிறதா என்று தாமஸ் பிராக் பார்த்தார். அவரும் அவர் மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டிஎன்ஏவைப் பல கோடி மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையை 1983இல் கேரி முல்லிஸ் யோசித்தபோது ஒரு சிக்கல் இருந்தது: ஒவ்வொரு சுற்றிலும் கலவையைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்க வேண்டும், அதில் சாதாரண நொதி செத்துப்போகும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டையும் தாங்கியது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தது இந்த முறையில்தான்.

உப்பளம்: ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ மொஹிகா உப்புநீர் நுண்ணுயிர்களின் மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விசித்திரத் தொடரைக் கவனித்து, அது ஏன் என்று பல ஆண்டு விடாமல் துருவினார். வைரஸ்களின் துணுக்குகளை நுண்ணுயிர் நினைவில் வைத்திருக்கும் தற்காப்பு அது என்று 2005இல் எழுதினார். 2012இல் எம்மானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் அதை மரபணுவை வெட்டும் கருவியாக மாற்றிக் காட்டினார்கள், 2023இல் அரிவாள் செல் நோய்க்கு அதை வைத்து ஒரு சிகிச்சை அனுமதி பெற்றது.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றைச் சேர்க்காவிட்டால் நியாயமாக இருக்காது. இவை ஜெயித்த கதைகள். இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த மருந்திலும் போய் முடியாத எத்தனையோ ஆராய்ச்சிகள் இருக்கின்றன. "எல்லாம் ஒரு நாள் உதவும்" என்று சொல்லிப் பணம் கேட்பது எனக்குப் பிடிக்காது. எது உதவும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் பரவலாக விதைக்க வேண்டியிருக்கிறது. மருந்துக்காக நேரடியாக நடக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும், இதற்கும் வேண்டும். தாமஸ் பிராக் ஊற்றுக்குள் கையை விட்டபோது பிசிஆர் என்ற யோசனையே பிறக்கவில்லை. அவர் எந்த விண்ணப்பத்தில் அதை எழுதியிருக்க முடியும்?

கேள்வி: கணிதத்துக்கு இதில் என்ன இடம்?

எல்லா வீட்டுக்கும் உறவு. ஆனால் சில சமயம் கல்யாணத்துக்கு அழைக்க மறந்துவிடுவார்கள். பல கோணங்களிலிருந்து எடுத்த நிழல்களை வைத்து உள்ளே இருக்கும் உருவத்தை மீட்கலாம் என்று ஜோஹான் ராடான் 1917இலேயே நிரூபித்துவிட்டார். சிடி ஸ்கேனுக்கு அடிப்படைக் கணக்கு போட்ட ஆலன் கார்மாக்குக்கு அது தெரியாது. 1960களில் தானாகவே உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்தார். ராமானுஜன் 1920இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்று சிலவற்றைக் குறிப்பிட்டார். அவற்றின் அடிப்படைக் கட்டமைப்பு கணிதத்தில் பிடிபடவே எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது, இன்று கருந்துளைகளின் நுண்நிலைகளை எண்ணும் கோட்பாட்டு இயற்பியலில் அவை வருகின்றன. அந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் கருந்துளை என்ற பெயர்கூட இல்லை.

கேள்வி: ஒரு ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது, அடுத்த மாதம் இன்னொன்று அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. எதை நம்புவது?

எந்தத் துறை என்று முதலில் பாருங்கள். "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று செய்தியில் ஒரே வார்த்தையாக வந்தாலும், துறைக்குத் துறை அளவுகோல் வேறு. துகள் இயற்பியலில் ஐந்து சிக்மா என்பார்கள்: புதிதாக ஒன்றுமே இல்லாமல் வெறும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்ற நிலை வரும்வரை கண்டுபிடிப்பு என்று அறிவிக்க மாட்டார்கள். 2012 ஜூலையில் ஹிக்ஸ் அறிவிப்பு அப்படித்தான் வந்தது. உளவியல், உணவு, மருத்துவம் மாதிரியான துறைகளில் இருபதில் ஒன்று என்ற வரம்பு வழக்கமாக இருந்துவருகிறது. மனிதர்களைத் துகள்கள் மாதிரி கோடிக்கணக்கில் மோதவிட்டுப் பார்க்க முடியாதே. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது சுமார் 36 சதவீதம்தான் மறுபடி தெளிவான முடிவு தந்தன.

கடுமையான அளவுகோல் இருந்தாலும் தப்பு வரும். 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட வேகமாக வந்துவிட்டன என்று ஓபெரா குழு அறிவித்தது, புள்ளியியல்படி ஐந்து சிக்மாவையும் தாண்டிய முடிவு. கடைசியில் ஒரு ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருந்தாததுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே குழுதான். ஆகவே ஒற்றை ஆய்வு எதுவானாலும், இன்னொரு குழு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்ததா என்று தேடுங்கள். வரவில்லை என்றால் காத்திருங்கள்.

கேள்வி: பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறேன். எனக்கு இயற்பியலும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.

போகாது அம்மா. வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் அவருக்குக் கிடைத்த நோபல், வேதியியல் பரிசு! படித்தது ஒன்று, உழைத்தது ஒன்று, பரிசு வேறொன்றில். 2024இல் வேதியியல் பரிசில் பங்கு பெற்ற ஜான் ஜம்பரும் இயற்பியலிலிருந்து வந்தவர்தான். புரதம் எப்படி மடியும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை அவர் குழு உருவாக்க முடிந்ததே, 1971இலிருந்து உலகெங்கும் உள்ள படிகவியலாளர்கள் தங்கள் முடிவுகளைப் பொதுவில் போட்டுவைத்ததால்தான்.

ஆனால் இரண்டையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு இரண்டிலும் மேலோட்டமாக நிற்காதீர்கள். ஒன்றில் ஆழமாக இறங்குங்கள், ஒரு கேள்வியை முட்டி மோதி முடிப்பது எப்படி என்று அங்கேதான் பிடிபடும். மற்றதில் நல்ல அறிமுகப் பாடநூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்துக்கொண்டே இருங்கள். எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் இயற்பியல் என்பேன், அங்கிருந்து உயிரியலுக்கு வந்தவர்கள் நிறையப் பேர், எதிர்த் திசையில் போவது கணக்கால் கொஞ்சம் கடினம். எந்தப் பக்கம் போனாலும் புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு பக்கத்திலும் தினமும் கையில் எடுக்க வேண்டியவை அவை. உங்கள் கல்லூரியில் வேறு துறையின் கருத்தரங்கு நடந்தால் பின்வரிசையில் போய் உட்காருங்கள், முதலில் பாதி புரியாது, பரவாயில்லை, புரியாததை வெளியே வந்ததும் அவர்களிடமே கேளுங்கள்.